குருதிக்குக் குலமில்லை

 

மருத்துவமனையில் ஒருவன் உயிருக்குப் போராடுகின்றான். குருதி வேண்டும் என்கின்றார் மருத்துவர். உடன்பிறந்தான் ஓடி வருகின்றான். அவன் குருதி பொருந்தவில்லை. பெயரும் ஊரும் அறியப்படாத வழிப்போக்கன் ஒருவன் கை நீட்டுகின்றான், அவன் குருதி பொருந்துகின்றது, உயிர் மீள்கின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகட்குள் பொருந்தாத குருதி அயலானுக்குப் பொருந்துவது எங்ஙனம்? குருதியிற் பிரிவுகள் தோன்றியதுதான் எதன் பொருட்டு? இவ் வினாக்கட்கு விடை காணின், குருதியின் பெயரால் உலகில் உரைக்கப்பட்ட பொய்களும் உடன் வெளிப்படும்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே குருதி ஏற்றிப் பார்த்த மருத்துவர் உளர். சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர், கரணியம் விளங்கவில்லை. வியன்னா நகரில் காரல் இலாண்டுசுடைனர் என்னும் அறிஞர், தம் குருதியையும் தம்முடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்து, ஒருவர் செவ்வணுக்களை மற்றொருவர் குருதிநீரோடு கலந்து நோக்கினார். சில கலவைகளில் அணுக்கள் கட்டிகட்டியாய்த் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. மூன்று பிரிவுகள் உண்டென 1901-இல் அவர் வெளியிட்டார். நான்காம் பிரிவு 1902-இல் அவர்தம் உடன்பணியாளரால் அறியப்பட்டது. ஏ, பி, ஏபி, ஓ என இன்று வழங்குவன அவையே. இலாண்டுசுடைனர் 1930-இல் நோபெல் பரிசு பெற்றார்.

இப் பிரிவுகளின் வேறுபாடு எத்துணைப் பெரிது? செவ்வணுவின் மேற்புறத்தே சருக்கரைத் துணுக்குகளாலாய தொடர் ஒன்றுண்டு. அதன் முனையில் ஒருவகைச் சருக்கரை ஒட்டின் ஏ. வேறொரு வகை ஒட்டின் பி. இரண்டும் அமையின் ஏபி. ஒன்றும் ஒட்டாது நிற்பின் ஓ. அவ்வளவே! ஓ பிரிவினர் பெரும்பாலாரிடத்து, ஒட்டும் வேலைக்குரிய மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கின்றது. ஓரெழுத்து விடுபடின் சொல் பயனற்றுப் போதலைத் தமிழ் கற்றார்க்கு விளக்க வேண்டுவதில்லை. தாய் ஏ-யாகவும் தந்தை பி-யாகவும் இருந்து, இருவரும் ஓ மரபணுவை உள்ளே மறைவாகக் கொண்டிருப்பின், அவர்க்கு நான்கு பிரிவிலும் பிள்ளைகள் பிறத்தல் கூடும். உடன்பிறந்தான் குருதி பொருந்தாமைக்கு விடை இதுவே.

இனி, இப் பிரிவுகள் ஏன் நிலைத்தன? இவை மாந்தனோடு தோன்றியவை அல்ல. ஏ, பி என்னும் வேறுபாடு கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கிடத்தும் உண்டு. இஃது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முன்பே, பொது முன்னோரிடத்துத் தொடங்கிய வேறுபாடு என 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டிற்று. இத்துணை நெடுங்காலம் ஒரு பிரிவு மற்றொன்றை முற்றும் விலக்காமைக்கு நோய்களே ஏது எனக் கருதுவர் ஆய்வாளர்.

கொடிய வகை மலேரியா நோயில், நோய்பட்ட செவ்வணு நல்ல அணுக்களைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு நுண்குழாய்களை அடைக்கின்றது. ஓ பிரிவில் இவ்வொட்டு வலுவற்றது. ஆகவே அப் பிரிவினர்க்கு அந் நோய் முற்றுதல் குறைவு. ஆனால் காலரா என்னும் கழிச்சல் நோய் வரின் அவ் ஓ பிரிவினரையே அது மிகுதியாக வாட்டுகின்றது. ஓ பிரிவினர்க்குக் குருதி உறைதல் சற்றுக் குறைவு. அதனால் குழாய்களில் உறைகட்டி அடைக்கும் இடர் குறையும். புண்படின் குருதி ஒழுகும் இடர் மிகும். ஒன்றில் ஆக்கம், ஒன்றில் இழப்பு. எல்லாவற்றினும் உயர்ந்த குருதி என ஒன்றை இயற்கை படைக்கவில்லை. வேற்றுமையே மாந்தக் கூட்டத்திற்குக் காப்பாயிற்று.

இவ்வுண்மையைத் திரித்தோர் உளர். முதல் உலகப் போரின்போது சலோனிகா நகரில் இலூத்விக் இர்சுபெல்டும் அவர் துணைவியார் அன்னாவும் பன்னாட்டுப் படைஞர் பல்லாயிரவர் குருதியை ஆய்ந்து, 1919-இல் முடிவுகளை வெளியிட்டனர். மேற்கே ஏ மிகுதி; கிழக்கே செல்லச் செல்லப் பி மிகுதி. ஆயினும் எந் நாட்டார்க்கும் தனிக் குருதி என ஒன்றில்லை. செருமானிய இனவெறியரோ, ஏ பிரிவே உயரினத்தின் அடையாளம் எனக் காட்ட முனைந்தனர். அதற்கென 1926-இல் கழகமும் கண்டனர். 1935-இல் இட்லர் ஆட்சி 'செருமானியக் குருதிக் காப்பு' எனப் பெயரிட்டே சட்டம் இயற்றிற்று. ஆனால் யூதர் யாரெனப் பிரிக்க அச்சட்டத்தார்க்குக் குருதி உதவவில்லை. பாட்டன் பாட்டியரின் சமயத்தையே கேட்டனர்! குருதிக்கணக்கு முதன்முதல் எடுத்த இர்சுபெல்டே யூதக் குடிப்பிறந்தார் என்பதால் 1941-இல் வார்சா நகர யூதர் அடைப்பிடத்துள் தள்ளப்பட்டார். பொய்க்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1972-இல் இரிச்சர்டு இலெவொண்டின் என்னும் அமெரிக்க அறிஞர், குருதிப்பிரிவுகளும் பிற குருதிக்கூறுகளும் பற்றிய கணக்குகளைத் தொகுத்து ஆய்ந்தார். மாந்தரிடைக் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு ஒவ்வொரு மக்கட் கூட்டத்தின் உள்ளேயே அடங்கும். பேரினங்கள் எனப்பட்டவற்றிடையே உள்ளது 6 பங்களவே எனக் கண்டார்.

தமிழ்நலம் நாடுவோர் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும். பிறப்பால் உயர்வு தாழ்வு வகுத்த கொடுமையை எதிர்த்து நின்றவர், 'தூய தமிழ்க் குருதி' எனச் சொல்லத் தலைப்படின், தாம் இடித்த சுவரைத் தாமே மீண்டும் எழுப்பியோராவர். தூய்மை வேண்டுவது மொழிக்கு. அதனைக் கற்றும் முயன்றும் எய்தலாம். குருதியை எவரும் கற்றுப் பெறுவதில்லை. எவரும் ஈட்டியதும் இல்லை. பேசும் மொழியும், வாழும் மண்ணும், மொழிக்குச் செய்யும் தொண்டுமே ஒருவனைத் தமிழன் ஆக்கும். சேரியிற் பிறந்தவன் குருதி மாளிகையில் வாழ்வோனைப் பிழைப்பிக்கின்றது. அங்குச் சாதி வினவுவார் இலர். உயிர் போகும் வேளையில் மறந்த சாதியை, உயிர் மீண்டபின் நினைப்பது நன்றியின்மை.

ஆதலின், குருதியைப் புகழ்தல் விடுக; குருதியைக் கொடுக்க! தமிழைத் தூய்மையாக்குக, தமிழரைக் கூறாக்கற்க!