அண்ணி ஏன் உட்கார்ந்தே தூங்கினார்?

(போவன்பள்ளியில் மாலை வகுப்பில் பேசியது)



விடியற்காலையிலிருந்து காய்கறி மார்க்கெட்டில் கூடை தூக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன். இன்று என் அண்ணியின் கதையைச் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்பு மட்டும் படித்தவள். அண்ணிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

அண்ணிக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். இருபது நாள் ஆனது. அண்ணியால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. இரவெல்லாம் இருமல். சுவரில் சாய்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தே தூங்கினார். கால் இரண்டும் வீங்கின.

"பச்சை உடம்பு, குளிர் ஏறிவிட்டது" என்றார் என் அம்மா. சுக்குக் கஷாயம் கொடுத்தார். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். "பலவீனம்தான்" என்று டானிக் எழுதினார். இப்படியே பத்து நாள் போய்விட்டது. ஒரு நாள் அண்ணியால் குடம் தூக்க முடியவில்லை. நாலு அடி நடந்ததும் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே எக்கோ எடுத்தார்கள். எக்கோ என்பது ஒரு வகை ஸ்கேன். கர்ப்பத்தில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிறார்களே, அதேபோல் நெஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். ஊசி இல்லை. வலி இல்லை. வயிற்றில் குழந்தை இருந்தாலும் அதற்குக் கெடுதல் இல்லை.

எக்கோவில் என்ன தெரிந்தது? அண்ணியின் இதயத் தசை பலம் இழந்திருந்தது.

நம் தெருவில் அடிபம்பு பார்த்திருப்பீர்கள். உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால் எத்தனை முறை அடித்தாலும் தண்ணீர் கொஞ்சம்தான் வரும். இதயமும் ஒரு பம்புதான். நல்ல இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் நூற்றுக்கு 55 பங்குக்குக் குறையாமல் வெளியே தள்ளும். அண்ணியின் இதயம் 30 பங்குதான் தள்ளியது. தள்ள முடியாமல் தேங்கியதால் நுரையீரலில் நீர் கோர்த்தது. அதனால்தான் படுத்தால் மூச்சு முட்டியது. கால் வீங்கியதும் அதனால்தான்.

பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தசை நோய் என்று இதற்குப் பெயர். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிரசவமாகி ஐந்து மாதத்துக்குள்ளோ இது பெரும்பாலும் வரும். அதுவரை நன்றாக இருந்த பெண்ணுக்கும் வரலாம். இது யாருடைய பாவமும் அல்ல. பிறந்த குழந்தையின் ராசியும் அல்ல.

இது எல்லோருக்கும் வரும் நோய் அல்ல. ஆனால் இதய நோய் கர்ப்பிணிகளிடம் மறைந்து கிடப்பது உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2016 முதல் 2019 வரை, இதய நோய் உள்ள 1005 கர்ப்பிணிகளைக் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். வால்வு நோய், பிறவிக் குறை, தசை நோய் என்று பல வகை. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, கர்ப்பமான பிறகுதான் நோய் இருப்பதே தெரிந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

அண்ணி பிழைத்தார். நீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத்துக்குப் பலம் தர வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம் என்றார்கள். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும்.

மாத்திரை விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். இதயத்துக்கு நல்ல சில மாத்திரைகள் வயிற்றில் உள்ள குழந்தையைக் கெடுக்கும். பிரசவத்துக்குப் பிறகு அவற்றில் சிலவற்றைக் கொடுக்கலாம். அதனால் டாக்டரிடம் "நான் கர்ப்பமாக இருக்கிறேன்", "நான் பால் கொடுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஏற்ற மாத்திரையை அவர் தருவார். பக்கத்து வீட்டார் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

நாலு மாதம் போனது. அண்ணிக்கு மூச்சு முட்டல் இல்லை. "உடம்பு சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். என் அம்மாவோ, "அடுத்தது பையன் பிறப்பான்" என்று பேச்சை எடுத்தார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை.

மறு பரிசோதனைக்குப் போனபோது அம்மாவே டாக்டரம்மாவிடம் கேட்டார். டாக்டரம்மா மீண்டும் எக்கோ எடுத்தார். 42 என்று வந்தது. "ஏறியிருக்கிறது. ஆனால் முழுக்கத் தேறவில்லை. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் நன்றாகவே தேறிவிடும். தேறியவர்களுக்கும் அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரலாம். தேறாதவர்கள் கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது" என்றார்.

பிறகு அண்ணியைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய் அம்மா?" என்று கேட்டார்.

அண்ணி மெதுவாகச் சொன்னார்: "என் இரண்டு பெண்களையும் நான் வளர்க்க வேண்டும்."

அறை அமைதியாக இருந்தது. அத்தனை மாதமும் நாங்கள் யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட பெண்களுக்கு எல்லாக் கருத்தடை மாத்திரையும் ஆகாது. சில மாத்திரைகள் ரத்தத்தை உறைய வைக்கலாம். எது ஏற்றது என்று டாக்டரைக் கேட்க வேண்டும். "இவளுக்கு மயக்க மருந்து கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. ஆண்களுக்குச் செய்வது சிறிய அறுவைதான். அன்றே வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டரம்மா. அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு தானே போய்ச் செய்துகொண்டார். அதன் பிறகும் மூன்று மாதம், சோதனை செய்து சரி என்று சொல்லும் வரை ஆணுறை போட வேண்டும். அண்ணன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். இப்போதும் மூட்டை தூக்குகிறார்.

ஒருவேளை அதற்குள் கர்ப்பமாகிவிட்டால்? நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருவைக் கலைக்க 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பதினெட்டு வயது ஆன பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். அவள் சம்மதம் இல்லாமல் யாரும் செய்யவும் கூடாது.

நம் செகந்திராபாத்திலேயே காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இதயப் பிரிவும் இருக்கிறது. அவசரம் என்றால் 108-க்குப் போன் செய்யுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இரவில் இருமலா? கால் வீங்குகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? "பச்சை உடம்பு" என்று பொறுத்திருக்காதீர்கள். அன்றே போய், "என் இதயத்தைப் பார்க்க வேண்டுமா? எக்கோ எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள்.

அண்ணி இப்போது படுத்துத் தூங்குகிறார். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள்.



பேசிப் பார்ப்போம்:

1. அண்ணிக்கு வந்த அறிகுறிகள் எவை?

2. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகலாம்?

3. அடுத்த குழந்தை பற்றி உங்கள் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்? அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா?