சக்கரத்தை இடம் மாற்றுங்கள்

ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காலை உந்தித் தள்ளும்போது இன்லைன் ஸ்கேட் சக்கரத்தின் உட்புறம்தான் அதிகம் தேயும். அப்படியே விட்டால் பிடிப்பு குறையும். திரும்பும்போது பிள்ளை சறுக்கி விழலாம்.

தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆலன் சாவியால் கழற்றுங்கள். நான்கு சக்கர ஸ்கேட் என்றால் 1-ஐயும் 3-ஐயும், 2-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றுங்கள். இடது கால் சக்கரங்கள் வலதுக்கும், வலது கால் சக்கரங்கள் இடதுக்கும் போகட்டும். தேய்ந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். போல்ட்டை இறுக்கியபின் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும், ஆடக் கூடாது.

தண்ணீரில் கழுவாதீர்கள், பேரிங் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். பாஸ்புக் மாதிரி, எழுதி வைத்தால்தான் கணக்கு தெரியும்.