மண்டித் தரகும் இஸ்லாமியச் சட்டமும்

ஆர்.கே.புரத்துக் காய்கறிக் கடையில் நாம் பேரம் பேசி வாங்கும் வெங்காயம், அதற்கு முன்பே ஆஜாத்பூர், ஓக்லா போன்ற மொத்த மண்டி ஒன்றில் ஏலம் போயிருக்கக் கூடும். விளைவித்தவனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே நிற்பவர் தரகர். அவர் பெறும் கமிஷன் நேர்மையான கூலியா என்னும் வினா மிகப் பழையது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அதனை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர்.

தரகரை அரபு மொழியில் ‘சிம்சார்’ என்பர். நாட்டுப்புறத்தான் கொணரும் சரக்கை நகரத்தான் அவனுக்காக விற்றுத் தரலாகாது என்று நபிமொழி ஒன்று தடுக்கிறது. அவனுக்குத் தரகனாக நிற்கக் கூடாது என்பதே அதன் கருத்து என்று இப்னு அப்பாஸ் விளக்கினார். சந்தைக்கு வரும் முன்பே வழிமறித்துச் சரக்கை வாங்குவதற்கும் தடை உண்டு. முன்னது நகர மக்களையும், பின்னது விலை நிலவரம் அறியாத உழவனையும் காப்பது.

அங்ஙனமாயின் தரகே ஆகாதா? அன்று. இப்னு சீரீன், அதா முதலிய முன்னோர் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். ஹனபி அறிஞர்கள் ஒரு நுட்பமான ஐயத்தை எழுப்பினர். ஒரே சொல்லில் சரக்கு விற்றுவிடலாம். ஒரு மாதம் அலைந்தும் விற்காமற் போகலாம். உழைப்பின் அளவு தெரியாதபோது கூலியை எவ்வாறு அறுதியிடுவது? ஆயினும் மக்களின் தேவை கருதிப் பிற்காலத்தார் இதனை அனுமதித்தனர். 1836-இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் இக்கருத்தை எடுத்துரைத்துள்ளார். விற்றுக் கொடுத்தால் இன்ன கூலி என்னும் உடன்பாடு, ஷாபி சட்டத்தில் ‘ஜுஆலா’ என்னும் பிரிவில் அடங்கும்.

ஆகவே தடுக்கப்பட்டது தரகு அன்று, மறைவே. வாங்கும் எண்ணமின்றி ஏலத்தை ஏற்றிவிடுதல் ‘நஜ்ஷ்’ எனப்படும், அது விலக்கப்பட்டது. விற்றுத்தர ஒப்புக்கொண்டவர், உடையவன் அறியாமல் தாமே அச்சரக்கை வாங்கிக்கொள்ளுதலும் ஆகாது. துண்டுக்கு அடியில் விரல் தொட்டு விலை பேசும் வழக்கம் நம் நாட்டுச் சந்தைகளில் உண்டு. பேசிய விலை ஒன்று, உழவனிடம் சொல்லும் விலை வேறொன்று என்றால், அங்கே நம்பிக்கை முறிகிறது.

எல்லாவற்றினும் கடினமானது முன்பணம். விதைக்கும் பருவத்தில் மண்டிக்காரர் கடன் தருகிறார். விளைச்சலைத் தம்மிடமே கொணர வேண்டும் என்கிறார். அக்கடனைக் காட்டிக் கமிஷனையும் உயர்த்தினால், அவ்வுயர்வு வட்டியின் மாற்றுருவே ஆகும். கடனால் கடன் கொடுத்தவர் நிபந்தனையிட்டு ஆதாயம் பெறலாகாது என்பது பொது விதி. வேறிடத்தில் கூடுதல் விலை கிடைத்தாலும் உழவனால் அங்கே செல்ல இயலாது. பெயரளவில் அவன் விற்பவன், உண்மையில் கட்டுண்டவன்.

நம்மில் பலருக்கு ஊரில் நிலம் உண்டு; ஒட்டன்சத்திரத்திற்கோ கோயம்பேட்டிற்கோ சரக்கு அனுப்பும் உறவினர் உண்டு. அவர்களுக்கு எழுதும்போது மூன்று செய்திகளைக் குறிப்பிடலாம். கமிஷன் எவ்வளவு என்பதை முன்னரே பேசிக்கொள்ளுதல். எடையும் ஏல விலையும் பிடித்தமும் தனித்தனியே எழுதிய சீட்டைப் பெறுதல். கடன் கணக்கையும் விற்பனைக் கணக்கையும் ஒன்றாகக் கலவாதிருத்தல். எச்சமயத்தவராயினும் உழவனின் உழைப்புக்கு இவை காவலாகும்.