ஏறட்டும், விடுங்கள்!

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீங்க குழந்தைகள் காப்பகம் நடத்துறீங்களே, குழந்தை வளர்ப்பைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார்கள். குழந்தை வளர்ப்பு என்பது கடல். கொடுத்திருப்பதோ இருபது நிமிஷம். ஆகவே கடலிலிருந்து ஒரே ஒரு சொம்பு மொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகளில் ஒரு ரகம் உண்டு. நாற்காலியைக் கண்டால் ஏறும். கட்டிலைக் கண்டால் குதிக்கும். படியைக் கண்டால் ஓடும். வீட்டில் அதற்கு 'வாலு' என்று பெயர். காப்பகத்தில் சேர்க்க வருகிற அம்மாக்கள், "நல்லா சாப்பிடுவான் மேடம், தூங்குவான். ஆனா ஏறுவான், பார்த்துக்கோங்க" என்று ஏதோ வியாதியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்த 'வாலு'க்காக வாதாடத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

என் கட்சி இதுதான். ஆபத்தில் இரண்டு வகை உண்டு. உயரம், சரிவு, வழுக்கல், ஆடுகிற பலகை இவையெல்லாம் குழந்தையின் கண்ணுக்கும் காலுக்கும் தெரிகிற ஆபத்து. பழகப் பழக அதுவே அளந்துகொள்ளும். வாளித் தண்ணீர், கொதிக்கிற ரசம், பின்னால் வருகிற கார், பாட்டிலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெய் இவையெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாத ஆபத்து. எத்தனை கெட்டிக்காரப் பிள்ளையானாலும் தெரியாது. முதல் வகையில் பிள்ளையை விட்டுப் பழக்க வேண்டும். இரண்டாவது வகையை வீட்டைவிட்டே அகற்ற வேண்டும். நம் வீடுகளில் நடப்பதோ நேர் எதிர்! பிள்ளை மூன்றாவது படியில் கால் வைத்தால் ஓடிப்போய்த் தூக்குகிறோம். குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துவைத்துக் கதவைத் திறந்து போட்டிருக்கிறோம்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். நடக்கப் பழகும் குழந்தை எத்தனை தடவை விழும் என்று நினைக்கிறீர்கள்? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் என்ற பேராசிரியை இதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறார். 12 முதல் 19 மாதம் வரையுள்ள பிள்ளைகளை இஷ்டப்படி விளையாடவிட்டு எண்ணிப் பார்த்து, 2012இல் அவரும் சக ஆய்வாளர்களும் கணக்கை வெளியிட்டார்கள். மணிக்குச் சராசரியாக 2,368 எட்டு, 17 விழுதல். அதாவது மூன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தென்று விழுகிறது, எழுந்து மறுபடி நடக்கிறது. நாம் ஒரு நாள் அப்படி விழுந்தால் ஒரு வாரம் படுக்கைதான்.

அதே பேராசிரியை 1990களில் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சாய்பலகை. சரிவைக் கூட்டலாம், குறைக்கலாம். தவழ ஆரம்பித்த பிள்ளைகளை அதன் உச்சியில் விடுவார்கள். பக்கத்திலேயே ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்பார். புதிதாகத் தவழும் பிள்ளை எந்தச் சரிவானாலும் தலைகுப்புறப் பாய்கிறது. சில வாரம் தவழ்ந்து அனுபவப்பட்ட பிள்ளை உச்சியில் நின்று பார்க்கிறது, கையால் தொட்டுப் பார்க்கிறது, ரொம்பச் செங்குத்தாக இருந்தால் போகமாட்டேன் என்கிறது. இதுவரை சரி. அந்த அனுபவசாலிப் பிள்ளையே எழுந்து நடக்க ஆரம்பித்ததும் என்ன செய்தது தெரியுமா? போன மாதம் தவழும்போது வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சரிவில் ஜம்மென்று நடந்துபோய் விழுந்தது! தவழும்போது கற்றது நடக்கும்போது கைகொடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து பழகிக்கொண்டது.

இதில் தாய்மாருக்கு இரண்டு செய்தி இருக்கிறது. நாம் ஆயிரம் தடவை "விழுந்துடுவே, விழுந்துடுவே" என்று கத்தினாலும் அந்த அளவுகோல் உள்ளே வராது. அது பிள்ளையின் சொந்தக் காலால்தான் வரவேண்டும். அடுத்தது, ஒரு வித்தையைப் புதிதாகக் கற்ற முதல் சில வாரங்கள்தான் கை எட்டும் தூரத்தில் நாம் நிற்க வேண்டிய காலம். தவழ்ந்த முதல் மாதம், நடந்த முதல் மாதம், ஏறப் பழகிய முதல் மாதம். "போன மாசமே அதுக்குத் தெரிஞ்சுதே" என்று அசந்துவிடக் கூடாது.

இது பெண்கள் கல்லூரி என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 11 மாதப் பிள்ளைகளின் தாய்மாரிடம், "உங்கள் பிள்ளை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும்?" என்று முன்கூட்டியே கேட்டார்கள். ஆண் பிள்ளையின் அம்மாக்கள் அதிகமாகச் சொன்னார்கள். பெண் பிள்ளையின் அம்மாக்கள் குறைவாகச் சொன்னார்கள். பிறகு பிள்ளைகளை விட்டுப் பார்த்தால், இரு பாலருக்கும் திறமையில் வித்தியாசமே இல்லை! தங்கைகளே, அது அமெரிக்கத் தாய்மார்களின் கதை. நம் ஊர்க் கதையைத் தனியாகச் சொல்லவேண்டுமா? காப்பகத்தில் ஆண் பிள்ளை முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் "ஆம்பளைப் பிள்ளைன்னா அப்படித்தான்" என்கிறார்கள். பெண் பிள்ளைக்கு அதே சிராய்ப்பு என்றால் "தழும்பு விழுந்துடுமே" என்கிறார்கள். ஒன்றரை வயசுப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது. நம் பழந்தமிழ்ப் புலவர்கள் இந்த விஷயத்தில் தாராளம். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் பருவம் என்று ஒன்று வைத்துப் பெண் பிள்ளையை ஊஞ்சலேற்றி அழகு பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளைத்தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. 5ஆம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. 9இல் சப்பாணி, 13இல் வருகை. உடம்பு தயாராகும் வரிசை அது. இதே வரிசையை மதிக்கச் சொன்னவர் ஹங்கேரியின் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர். 1946இல் புடாபெஸ்டில் அனாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கி நடத்தினார். பிள்ளை தானாக உட்காராதபோது உட்கார வைக்காதே, தானாக நிற்காதபோது நிறுத்தாதே என்பது அவர் வழி. எங்கள் காப்பகத்தில் அதை இப்படி வைத்திருக்கிறோம்: பிள்ளை தானாக ஏறமுடியாத இடத்தில் யாரும் தூக்கி ஏற்றக் கூடாது. "என்னை ஏத்தி விடு" என்று அழும், அழட்டும். தானாக ஏறிய உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கத் தெரியும். நாம் ஏற்றிவிட்ட உயரத்திலிருந்து தெரியாது.

இந்த இடத்தில் நடைவண்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் மனசு ஆறாது. தச்சர் செய்து தருவாரே, மூணு மரச்சக்கரம் வைத்தது, அதைச் சொல்கிறேன். பிள்ளை தன் காலில் நின்று, தன் பலத்தில் தள்ளுகிறது. வேகம் பிடித்தால் கையை விட்டு உட்கார்ந்துவிடுகிறது. கடையில் விற்கும் உட்காரும் வாக்கர் அப்படியா? நிற்கவே தெரியாத பிள்ளையை வட்டத்துக்குள் உட்காரவைத்து, நொடிக்கு மூன்றடி வேகத்தைக் கையில் கொடுக்கிறது. படிக்கட்டு வரை போய்ச் சேர நாம் திரும்பிப் பார்க்கும் நேரமே போதும். கனடாவில் 2004லிருந்து அதை விற்கவே தடை. நம் ஊரில் பிறந்தநாளுக்குப் பரிசாக வருகிறது.

சரி, பிள்ளை ஏறுகிறது, நாம் என்ன செய்வது? சும்மா நிற்பது. மேலே நின்று கையைப் பிடித்து இழுக்காமல், கீழே, கொஞ்சம் பக்கவாட்டில், பிள்ளையின் மேல் கை படாமல் நிற்பது. சொல்வதானால் உபயோகமாகச் சொல்வது. "ஜாக்கிரதை" என்ற வார்த்தையில் பிள்ளைக்கு ஒரு தகவலும் இல்லை. "கால் எங்க இருக்கு பாரு", "அந்தக் கம்பியைப் பிடி", "வயிறு படியில படட்டும், கால் முதல்ல இறங்கட்டும்" என்று சொன்னால் வேலை நடக்கும். படியில் குப்புறத் திரும்பிப் பின்பக்கமாக இறங்கும் வித்தையை நடக்கும் முன்பே கற்றுக் கொடுக்கலாம்.

முகமும் முக்கியம். 1985இல் வெளியான ஒரு சோதனை. கண்ணாடி மூடிய ஒரு சின்னப் பள்ளம், எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகமாக நின்றபோது 19 பிள்ளைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. விழுந்த பிள்ளையும் முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கும். அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அதற்குப் பிறகுதான். நம் பாட்டிகள் ஓடிவந்து, "இந்தத் தரைதானே உன்னை அடிச்சுது" என்று தரையை நாலு போடு போடுவார்கள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் தரை என்ன செய்தது, பாவம்!

இப்போது இரண்டாவது வகை. இதில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. இந்த வயசுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்தால் கவிழ்ந்துவிடும். நிமிர்ந்து வெளியே வரக் கைக்குப் பலம் இருக்காது. சில அங்குலத் தண்ணீர் போதும். சத்தமும் கேட்காது. உலகெங்கும் நீரில் மூழ்கி இறப்பது 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளிடம்தான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் வாளியிலும் டிரம்மிலும் பிடித்துவைப்பது நமக்குத் தவிர்க்க முடியாதது. மூடி போடுவதும் குளியலறைக் கதவுக்கு வெளியே மேல் தாழ் வைப்பதும் முடியும். ஆழ்துளைக் கிணறும் அப்படியே. கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுப் பிள்ளை அப்படி ஒரு குழியில் விழுந்து, மூன்று நாளுக்கு மேல் நாடே காத்திருந்து, உயிரோடு மீட்க முடியவில்லை. அந்தப் பிள்ளை செய்தது, தன் இடத்தில் ஓடி விளையாடியது மட்டும்தான்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறுகிற பிள்ளை பால்கனிக்குப் போவதற்கு முன்னால் அங்கே இருக்கும் ஸ்டூல், கவிழ்த்த வாளி, பூந்தொட்டி எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கம்பி இடைவெளி நாலு அங்குலத்தைத் தாண்டினால் வலை கட்டுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வேர்க்கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள். சாம்பார் பாத்திரத்தைத் தரையில் வைத்துப் பரிமாறும் வீட்டில் பிள்ளை யார் மடியிலாவது இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் பலமாக விழுந்துவிட்டால்? இரண்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளை மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து தலை அடிபட விழுந்தாலோ, எந்த வயசானாலும் நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாத தூக்கம் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வந்தாலோ, பக்கத்து வீட்டு வைத்தியம் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. மற்றபடி முழங்கால் சிராய்ப்புக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். தடுப்பூசி அட்டை மட்டும் ஒழுங்காக இருக்கட்டும்.

எங்கள் காப்பக முற்றத்தில் மண் குவியல் ஒன்று, மூணு படி வைத்த மரமேடை ஒன்று, பட்டை உரித்துக் கிடத்திய ஒரு வேப்பங்கட்டை இருக்கின்றன. சேர்க்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். "உங்க பிள்ளை இதுல ஏறும். சிராய்ப்போட ஒரு நாள் வீட்டுக்கு வரும். தண்ணி, நெருப்பு, வாசல் கேட் மூணும் எங்க பொறுப்பு, கண் அசரமாட்டோம்" என்று சொல்லிவிடுவேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர், "யோசிச்சு சொல்றோம் மேடம்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போகிறபோது பிள்ளை அவர்கள் தோள் வழியாக அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு போகும். கட்டையை எடுத்துவிடச் சொல்லிப் பலர் சொல்லியாயிற்று. நான் எடுப்பதாக இல்லை.