குறைந்த செலவில் நிறைந்த தொழிற்கல்வி



பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாளிலே, கொழும்பு மாநகரின் பல வீடுகளில் இரவு நெடுநேரம் பேச்சு நடக்கும். கொட்டாஞ்சேனையில் அத்தகைய வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். தந்தை செட்டியார் தெருவிலே ஒரு கடையில் கணக்கெழுதுபவர். மகன் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சித்தியெய்தியவன். எனினும், பொறியியற் பீடத்துக்கான புள்ளிக்குச் சற்றே கீழே நின்றுவிட்டான். மேசைமீது தனியார் கல்லூரி ஒன்றின் வண்ணக் கையேடு கிடக்கிறது. அதன் பக்கத்திலே தாயின் கழுத்துச் சங்கிலி.

"இதை ஈடு வைத்தால் முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்கு ஆகுமப்பா" என்கிறாள் தாய்.

"இரண்டாம் ஆண்டுக்கு?" என்கிறார் தந்தை.

அந்த வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அம்மாணவன் பயில விரும்புவது உற்பத்திப் பொறியியல். அஃது யாது? கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் உள்ள இரும்புக் கடைச்சற் பட்டறைக்குச் சென்றால், கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் ஓர் ஆணியைக் கடைந்து, அதற்குப் பொருந்தும் சுரையையும் செய்து தந்துவிடுவார். அது கைத்திறன். ஆனால் பதினாயிரம் ஆணிகளையும் பதினாயிரம் சுரைகளையும் வெவ்வேறு யந்திரங்களிலே செய்து, எந்த ஆணியை எடுத்தாலும் எந்தச் சுரையும் அதற்குப் பொருந்தும்படி செய்வது எப்படி? அளவிலே எவ்வளவு வேறுபாட்டை அனுமதிக்கலாம்? உலோகத்தை வார்ப்பதா, கடைவதா, அழுத்தி உருவாக்குவதா? எவ்வழியில் மூலப்பொருள் வீணாகாது? தொழிலாளியின் கைக்கும் கண்ணுக்கும் தீங்கு நேராமல் வேலைத்தலத்தை அமைப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்குக் கணக்கிட்டு விடை காண்பதே உற்பத்திப் பொறியியல். ஆடையும் இறப்பர்ப் பொருள்களும் செய்து பிறநாடுகளுக்கு அனுப்பும் நம் தேசத்துக்கு இக்கலை எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இன்று மாடிவீடுகள் நிறைந்து விளங்கும் வெள்ளவத்தையிலும் ஒருகாலத்திலே பெரியதொரு நூற்பு நெசவாலை இயங்கிற்று என்பதை முதியோர் அறிவர்.

இக்கல்வி இந்நாட்டில் வேரூன்றிய வரலாறும் அறியத்தக்கது. 1893ஆம் ஆண்டிலே கொழும்பில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பெற்றது. மருதானையில் வளர்ந்த அந்நிலையமே பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரைப் பயிற்றியது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பிலே உதயமாகி, 1964இல் பேராதனைக்குச் சென்றது. 1960இல் கட்டுபெத்தையிலே தொடங்கிய செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. பொதுமக்களின் வரிப்பணத்தால் எழுந்த கலாசாலைகள் இவை. ஏழையின் பிள்ளையும் கட்டணமின்றிப் பொறியியலாளனாகலாம் என்ற நிலையை உண்டாக்கியவை இவையே.

பேராதனைப் பொறியியற் பீடத்தில் உற்பத்திக்கும் கைத்தொழிலுக்கும் உரிய தனித்துறை ஒன்று உண்டு. மொறட்டுவையில் யந்திரப் பொறியியலும் புடைவைப் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றைவிடச் சிறந்த கல்வியைப் பெரும்பணம் செலவிட்டாலும் உள்நாட்டிற் பெறுதல் அரிது. ஆனால் வாயில் ஒடுக்கமானது. பொறியியற் பீட இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் தகுதிக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கொழும்பு மாவட்டத்திலே போட்டி மிகுதி. பிறிதொரு மாவட்டத்திலே இடம்பெறத்தக்க புள்ளியைப் பெற்ற பிள்ளை, இங்கே வெளியே நிற்க நேரிடுகிறது.

வெளியே நிற்கும் பிள்ளைக்குப் பெற்றோர் இரண்டு வழிகளையே காண்கின்றனர். ஒன்று, பணம் கட்டிப் படிப்பது. மற்றது, இத்துறையையே கைவிடுவது. இங்கேதான் பிழை நேர்கிறது. இடையிலே வேறு கதவுகள் பல உள. அவற்றுட் சில வீட்டுக்கு மிக அருகிலேயே இருக்கின்றன.

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, நெடுந்தூரமின்றி அமைந்தது மட்டக்குளி. அங்கே இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கிளையொன்றிலே பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா வகுப்பு நடைபெறுகிறது. யந்திரப் பொறியியலும் அதன் ஒரு பிரிவாகும். இனி, புறக்கோட்டையிலிருந்து மொறட்டுவைக்குச் செல்லும் 101ஆம் இலக்க பஸ்ஸிலே ஏறி, வெள்ளவத்தையைக் கடந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோம். கல்கிசைப் பகுதியிலே இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் உள்ளது. யந்திரக் கருவிகளிலே பயிற்சி பெற விரும்புவோர்க்கு நெடுங்காலமாக நற்பெயர் பெற்ற இடம் அது. அப்பால் இரத்மலானையிலே, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பெற்ற தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கு ஒரு பட்டப்படிப்பு உண்டு. அதற்கும் அப்பால் கட்டுபெத்தை. ஒரே பஸ் வழியில் இத்தனை கலாசாலைகள்! வெள்ளவத்தைப் பெற்றோர் எத்தனைபேர் நாள்தோறும் இவற்றைக் கடந்து செல்கின்றனர். எத்தனைபேர் இறங்கி விசாரித்திருக்கின்றனர்?

இவற்றோடு, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் தியகமவிலே தேசிய டிப்ளோமா வழங்குகிறது. இதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பத்திரிகை விளம்பரத்தைக் கவனியாதவர் அவ்வாண்டை இழப்பர். நாவலையிலே 1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு. ஆயினும், பகலில் உழைத்து ஊதியம் பெற்றுக்கொண்டே, இயன்ற அளவு பாடங்களைப் பதிந்து, பொறியியற் பட்டம்வரை செல்ல அது வழிவகுக்கிறது.

நாட்டின் தேசிய தொழிற்றகைமை முறை ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கு படிகள் சான்றிதழுக்குரியன, ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்குரியன, ஏழாவது பட்டத்துக்குரியது. ஆகவே, பட்டறையிலே பயிலுநனாகத் தொடங்கியவனும் பட்டம்வரை ஏறலாம். காலம் சற்று நீளும், ஆனால் ஏறுகின்ற ஒவ்வொரு படியிலும் உழைப்புக்கேற்ற கூலி கிடைக்கும், கடன் வளராது.

அப்படியாயின் தனியார் கல்லூரிகள் யாவும் ஒதுக்கத்தக்கனவா? அல்ல. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆனால் பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு வினாக்களைக் கேட்டு, விடையை எழுத்திலே பெறவேண்டும்.

முதலாவது, பட்டத்தை வழங்குவது யார்? கட்டடத்தின் வாயிலிலுள்ள பெயரும், பட்டச் சான்றிதழில் வரும் பெயரும் வேறாக இருக்கலாம். இரண்டாவது, அப்பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரித்துள்ளதா? பொறியியற் பட்டங்களை ஒருவர்க்கொருவர் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையிலே அந்நிறுவகம் 2014ஆம் ஆண்டு முழு உறுப்புரிமை பெற்றது. அவ்வங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு பட்டயப் பொறியியலாளராக முயல்வோர்க்கு மேலும் பரீட்சைகளும் காலமும் செலவாகக்கூடும். மூன்றாவது, பட்டறை எங்கே? கணினித் திரையிலே யந்திரத்தைக் காட்டுவது போதாது. மாணவன் தன் கையால் உலோகத்தைக் கடைந்து, அளந்து, பிழை கண்டு, திருத்தவேண்டும். தொழிற்சாலைப் பயிற்சியைக் கல்லூரி ஒழுங்குசெய்கிறதா, அன்றி மாணவனே தேடிக்கொள்ளவேண்டுமா என்பதையும் அறிதல் நன்று. நான்காவது, முழுச் செலவு எவ்வளவு? முதலாண்டுக் கட்டணம் மட்டுமன்று. பதிவு, பரீட்சை, மறுபரீட்சை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அந்நாட்டு நாணயத்திற் செலுத்தும் பணம் ஆகிய யாவும் கணக்கில் வரவேண்டும். ரூபாயின் மதிப்பு 2022ஆம் ஆண்டிலே எவ்வாறு சரிந்தது என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார்.

இன்னுமொன்று தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கது. உயர்தரம்வரை தாய்மொழியிலே கற்ற மாணவன், பொறியியற் பீடத்திலே ஆங்கில விரிவுரையைச் சந்திக்கிறான். பட்டறையிலோ சக தொழிலாளரின் மொழி பெரும்பாலும் சிங்களம். கணிதத்திலே வல்லவனான பிள்ளையும் மொழியினால் முதலாண்டிலே தளர்ந்துபோவதுண்டு. பரீட்சை முடிந்து அனுமதி வரும்வரை கழியும் மாதங்களை இவ்விரு மொழிகளுக்கும் ஒதுக்குதல் வேண்டும். எவ்வகுப்பிலே எம்மொழி வழங்குகிறது என்பதை விண்ணப்பிக்குமுன்னரே கேட்டறிவதும் அவசியம்.

மீண்டும் அக்கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வருவோம். அங்கே உடனடியாகச் செய்யவேண்டியது சங்கிலியை ஈடு வைப்பதன்று. தந்தையும் மகனும் ஒரு நாள் விடுப்பெடுத்து, சான்றிதழ்களின் பிரதிகளோடு மட்டக்குளிக்குச் செல்லட்டும். மறுநாள் காலி வீதி வழியே புறப்படட்டும். ஒவ்வோரிடத்திலும் பட்டறையைப் பார்க்கட்டும். அங்கு பயிலும் மாணவரோடு உரையாடட்டும். இறுதித் திகதிகளைக் குறித்துக்கொள்ளட்டும். இவையனைத்தையும் கண்டபின்னரும் தனியார் கல்லூரியே தக்கதென்று தோன்றினால், அப்போது துணிந்து பணம் கட்டலாம். அந்தத் துணிவு, கையேட்டின் வண்ணத்தைக் கண்டு பிறந்ததாக இராது.

தாயின் சங்கிலி ஒருமுறைதான் ஈடு போகும். இரண்டு நாள் பஸ் கட்டணத்தோடு தேடிப் பார்த்த பின்னர் அம்முடிவை எடுப்பதே அறிவுடைமை.