இளமையில் பல் கட்டுதல்



'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் நாட்டுப் பழமொழி. முதியோரைப் பற்றிய கேலி என்றே அதனைப் பலரும் கொள்வர். எனக்கோ அது 25-ஆம் வயதிலேயே பலித்துவிட்டது.

1984-ஆம் ஆண்டு. தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்த புதிது. இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் மிதிவண்டியிலிருந்து குப்புற விழுந்தேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டு கழன்று கையில் வந்தன. அவற்றைச் சற்றே பார்த்தேன். சாலையோரப் புதரில் எறிந்தேன். வாயைத் துண்டால் பொத்தியவாறு வீடு வந்து சேர்ந்தேன்.

புண் ஆறியபின் வகுப்புக்குச் சென்றால், அன்றைய பாடம் எழுத்துகளின் பிறப்பு! நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கும். தொல்காப்பியர் பிறப்பியலில் கண்டுரைத்த உண்மை இது. அதற்கு உதாரணமாக என் வாயே அமைந்துவிட்டது. 'தந்தை வந்தான்' என்றேன், காற்றுத்தான் வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லேன். அன்றுமுதல் வாயைவிடக் கரும்பலகையையே அதிகம் நம்பினேன்.

பல் கட்டிக்கொள்ளலாம் என்றதும் என் தாயார் அழுதார். "கலியாணம் ஆகாத பிள்ளைக்குப் பொய்ப்பல்லா?" என்பது அவர் கவலை. பொய்ப்பல் கிழவர்களுக்கே உரியது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஆனால் அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 24-ஆம் வயதிலேயே பல் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கியவர். 1789-இல் அவர் பதவியேற்றபோது சொந்தப் பல் ஒன்றே எஞ்சியிருந்தது. அவருடைய செட்டு மரத்தால் ஆனது என்பது கட்டுக்கதை; நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களும் சேர்த்துச் செய்தது.

ஒருநாள் மின்சார ரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினேன். எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றியது அது. அங்கே ஒரு மருத்துவர் எனக்கு ஒரு பாடமே நடத்தினார். பல் இருக்கும்வரைதான் அதனைத் தாங்கும் தாடையெலும்புக்கு வேலை உண்டு. பல் போனால் அவ்விடத்து எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். ஆகவே இன்று பொருந்தும் செட்டு சில ஆண்டுகளில் தளரும். எழுபது வயதில் கட்டிக்கொள்பவருக்கு இஃது அவ்வளவு பெரிய கவலையன்று. இருபத்தைந்தில் கட்டிக்கொள்பவர் வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். முழுச் செட்டின் மெல்லும் வலிமையும் இயற்கைப் பல்லின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு அளவே. ஆதலால் எஞ்சிய நல்ல பற்களை, 'எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரேயடியாகச் செட்டுக் கட்டிக்கொள்வோம்' என்று பிடுங்கிக்கொள்வது அறியாமை.

நான் கழற்றி மாட்டும் அக்ரிலிக் செட்டையே கட்டிக்கொண்டேன். முதல் வாரம் வாயெல்லாம் உமிழ்நீர். நாக்கு அந்நியர் வீட்டில் நுழைந்தது போலத் தடுமாறிற்று. விடியற்காலையில் சேலையூர் ஏரிக்கரையில் நின்று த, தா, தி என்று உரக்கச் சொல்லிப் பழகினேன். மாடு மேய்ப்பவர் ஒருவர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். பத்தாம் நாள் தகரம் திரும்பி வந்தது. பெண் பார்க்கச் சென்ற இடத்தில் உண்மையை முதலிலேயே சொல்லிவிட்டோம். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதன்பின் நான்கு முறை செட்டை மாற்றியிருக்கிறேன். இரவில் கழற்றித் தண்ணீரில் இட வேண்டும். வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும்.

இன்று தாம்பரத்தார் கோட்டைவரை போக வேண்டியதில்லை. பள்ளிக்கரணையிலும் காட்டாங்கொளத்தூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. டைட்டேனியத் திருகை எலும்பில் பதித்து அதன்மேல் பல் பொருத்தும் முறையும் பரவிவிட்டது. டைட்டேனியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை 1952-இல் கண்டவர் சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க். 1965-இல் முதல் நோயாளிக்கு அதனைப் பொருத்தினார். ஆயினும் தாடை வளர்ந்து முடியாத உங்களைப் போன்றவர்களுக்குத் திருகு பதிக்கமாட்டார்கள். அந்த இடைக்காலத்தில் வகுப்பில் வாய்திறந்து பேசவும் சிரிக்கவும் உதவுவது கழற்றி மாட்டும் செட்டே.

இனி, விளையாட்டிலோ விபத்திலோ நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். பல்லின் வெண்பகுதியைப் பிடித்தே எடுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டா. அழுக்கிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒருமுறை அலசி, இருந்த குழியிலேயே பொருத்தி, துணியை மெல்லக் கடித்துக்கொள்ளுங்கள். இயலாவிடில் பாலில் இட்டு, அரை மணி நேரத்துக்குள், மிஞ்சினால் ஒரு மணிக்குள், பல் மருத்துவரிடம் செல்லுங்கள். அப்பல் மீண்டும் ஊன்றிக்கொள்ளக்கூடும். பால்பல்லுக்கு இது பொருந்தாது. இரும்புலியூர்ப் புதரில் நான் எறிந்த பற்கள் இரண்டும் வேரோடு முழுமையாகவே இருந்தன. சாலைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு தேநீர்க்கடையும் இருந்தது.