ஆறு எழுத்துகளும் ஒரு மாணவியின் கேள்வியும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இன்று நான் பேச வந்தது என் வெற்றிக் கதையை அல்ல, பல ஆண்டுகளாக நான் செய்துவந்த ஒரு தவற்றைப் பற்றி.

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. கையெழுத்து மணி மணியாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதிவிடுவாள். அதனாலேயே அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பது அரையாண்டு வரை எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் சொல்வதை எழுதச் சொன்னேன். 'பின்' என்ற சொல்லுக்கு பி, என் என்று இரண்டே எழுத்து எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். மதிய உணவு முடிந்ததும் நோட்டோடு வந்து நின்றாள்.

"டீச்சர், பின்னுக்கு ரெண்டு எழுத்துதானே? 'பி' இருக்கு, 'ன்' இருக்கு. அப்புறம் ஏன் தப்பு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் தமிழ்ப்படி அவள் சொன்னது சரி. நம் 'பி' ஓர் எழுத்து. ப், இ இரண்டும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. ஆங்கில எழுத்தின் பெயரும் 'பி'. ஆக, அந்தப் பெயருக்குள்ளேயே இகரம் இருக்கிறது, தனியாக 'ஐ' எதற்கு என்பது அவள் கணக்கு. அது கவனக்குறைவு இல்லை, அவளுடைய தர்க்கம். இதே பிழையை எத்தனை நோட்டுகளில் அடித்திருப்பேன் என்று நினைத்தபோது சங்கடமாக இருந்தது.

தவறு எங்கே? நாம் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோம், ஒலியைச் சொல்லிக் கொடுப்பதில்லை. 'சி ஏ டி, கேட்' என்று வகுப்பே கோரஸாகச் சொல்கிறது. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'சியேடி' என்றுதான் வரும், 'கேட்' வராது. குழந்தை மனப்பாடம் செய்துதான் தப்பிக்கிறது.

மறுநாள் அவளது 'பி'யை உடைத்துக் காட்டினேன். ப் + இ = பி. இது ஒன்றாம் வகுப்பில் தமிழில் படித்ததுதான். தமிழ் அவற்றைச் சேர்த்து ஓர் எழுத்தாக்குகிறது, ஆங்கிலம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. ப், இ, ன். மூன்று ஒலி, மூன்று எழுத்து. "அப்போ ஆங்கிலத்துல உயிர்மெய்யே கிடையாதா டீச்சர்?" என்றாள். இதைவிடத் தெளிவாக நானே சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்து எழுத்துகளின் தேர்வு. அகரவரிசையில் ஏ, பி, சி, டி என்று தொடங்கினால் சொல் அமைப்பது கடினம். ஒலிவழிக் கற்பித்தலில் பல நாடுகளில் முதலில் எடுப்பது எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகள். இதில் 'டி' என்பது டேபிளின் முதலெழுத்து. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் 'பல்', 'கம்பு' இரண்டுக்கும் ஒரே பகரம்தான். அதனால் ஆங்கிலத்தில் 'பாலின்' முதலெழுத்தும் 'பின்னின்' முதலெழுத்தும் குழம்பும். இந்த ஆறில் அந்த ஜோடி இல்லை.

ஆறு எழுத்தில் என்ன கிடைக்கும்? நடுவில் ஏ அல்லது ஐ, இருபுறமும் வெவ்வேறு மெய் என்று வைத்தால் 24 அடுக்குகள் வரும். அவற்றில் 16 சாதாரண மாணவர் அகராதியிலேயே இருக்கின்றன. பின், டின், டிப், சிட், சிப் இப்படி. பேனின் முட்டையான ஈருக்கு 'நிட்' என்று பெயர் என்றதும் வகுப்பே தலையைத் தடவிச் சிரித்தது.

ஸ்கிராபிள் விளையாட்டை 1930களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தவர். அதன் ஆங்கிலப் பெட்டியில் உள்ள 100 வில்லைகளில் 36 இந்த ஆறு எழுத்துகளே.

செய்முறைக்குச் செலவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, இருவருக்கு ஒரு உறை, உறைக்குள் ஆறு அட்டை. முதலில் ஒலி, பிறகு சேர்ப்பு, பிறகு ஓர் அட்டையை மட்டும் மாற்றுதல். 'பின்'னில் முதல் அட்டையை மாற்றினால் 'டின்', கடைசியை மாற்றினால் 'டிப்', நடுவை மாற்றினால் குழாயைக் குறிக்கும் 'டேப்', மறுபடி முதலை மாற்றினால் குட்டித் தூக்கத்தைக் குறிக்கும் 'நேப்'. எது மாறியது என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. தினம் பத்து நிமிடம் போதும்.

இதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். ஒலிக்கு அடங்காத சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம், அவற்றைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும். ஆனால் படிக்க முடியும் என்ற துணிவு வந்த பிள்ளை அதற்கும் தயாராகிவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் இம்மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அவர்களின் பேத்திகள்தான் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். பார்த்தெழுதுவதோடு அவர்களை நிறுத்திவிடக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை அந்த மாணவி ஓடிவந்தாள். புதுக்கோட்டைக்குப் போன இடத்தில் ஒரு கடைப் பலகையில் தன் ஆறு அட்டைகளும் ஒரே சொல்லில் இருந்ததாம். "ஏ, ஐ சேர்ந்து வந்தா எப்படிச் சொல்லணும் டீச்சர்? 'பெயின்ட்ஸ்'தானே? உள்ளே பெயின்ட் டப்பாவா அடுக்கி இருந்துச்சு."

அன்று அடுத்த பாடத்தைத் தொடங்கி வைத்தது அவள்தான்.